ராக்லண்ட் முதல் ஸ்டீப்பிள்டாப் வரை: எட்னா மில்லேயின் ஊர்கள்

வியாழன், ராக்லண்ட்

அமெரிக்கக் கவிஞர் எட்னா செயின்ட் வின்சென்ட் மில்லேயின் ஊர்களைப் பார்க்கக் கிளம்புகிறவர்களில் பலர் நியூயார்க்கில் தொடங்கி நியூயார்க்கிலேயே முடித்துவிடுகிறார்கள். இரு முனையிலும் எரியும் மெழுகுவத்தியைப் பற்றிய நாலு வரி, கிரீனிச் வில்லேஜின் ஒடுக்கமான வீடு, ஒரு புகைப்படம், அவ்வளவுதான். அந்த வீட்டில் அவர் இருந்தது ஓராண்டு சொச்சம். மேய்ன் கடற்கரையில் கழிந்தவை 20 ஆண்டுகள், ஸ்டீப்பிள்டாப் பண்ணையில் 25 ஆண்டுகள். பயண நேரத்தையும் இந்தக் கணக்குப்படி பிரித்துக்கொள்வதுதான் நியாயம். இந்தக் குறிப்புகளும் அப்படித்தான் போகும்.

ஆகஸ்ட் மாதம் நல்லது. மேய்னில் கருப்பு ஈக்களின் தொல்லை ஜூனோடு ஓய்ந்திருக்கும். ஸ்டீப்பிள்டாப்புக்குப் பெயர் கொடுத்த செடி பூத்திருக்கும். ஒரே இடைஞ்சல் போக்குவரத்து. போஸ்டனிலிருந்து ராக்லண்டுக்குச் சாதாரண நாளில் மூன்றரை மணி நேரம். போர்ட்லண்ட் தாண்டியபின் கடலோரமாக ஒன்றாம் எண் சாலையைப் பிடித்தால் விஸ்காசெட் ஊர்ப் பாலத்தருகே வண்டிகள் ஊர்ந்துதான் நகரும். கோடை வாரக்கடைசி என்றால் கேட்கவே வேண்டாம். அகஸ்டா வரை பெருஞ்சாலையில் போய், அங்கிருந்து 17-ஆம் எண் சாலையில் இறங்குவது தூரம் சற்றுக் கூடினாலும் மனத்துக்கு நிம்மதி.

மில்லே பிறந்த வீடு பிராட்வேயில் 198, 200 என்று இரு கதவிலக்கம் கொண்ட இரட்டை வீடு. 1892 பிப்ரவரி 22-ல் இங்கே பிறந்தார். அதற்குச் சற்று முன் தாய்மாமன் ஒருவர் நியூயார்க்கின் செயின்ட் வின்சென்ட் மருத்துவமனையில் உயிர் பிழைத்திருந்தார். அந்த நன்றிக்காகத்தான் நடுப்பெயர். வீட்டில் எல்லோரும் அவரை ‘வின்சென்ட்’ என்றே கூப்பிட்டார்கள். குழந்தைப் பருவத்திலேயே குடும்பம் இந்த வீட்டை விட்டுப் போய்விட்டதால் கவிதையோடு நேரடித் தொடர்பு இதற்கு இல்லை. அரை மணி நேரம் போதும்.

மீதி மாலையை வேறொன்றுக்குச் செலவிடலாம்: மனப்பாடம். மில்லே காதுக்கு எழுதியவர். நினைவில் தங்க வேண்டும் என்றே யாப்பையும் இயைபையும் விடாமல் பிடித்துக்கொண்டவர். நவீனக் கவிஞர்களான எலியட்டும் பவுண்டும் ஆங்கிலக் கவிதையின் ஓசையை உடைத்துப்போட்ட அதே ஆண்டுகளில் இவர் பழைய வடிவங்களிலேயே நின்றார். அதற்காகப் பல விமர்சகர்கள் அவரைப் பின்தங்கியவர் என்று ஒதுக்கினார்கள். அந்த ஒதுக்கல் தவறு என்பதை அவருடைய ஊர்களில் நின்று வரிகளை வாய்விட்டுச் சொன்னால் புரிந்துகொள்ளலாம். கையில் புத்தகத்தை வைத்துக்கொண்டு சொல்வதும் மனத்திலிருந்து சொல்வதும் ஒன்றல்ல.

குறைந்தது மூன்று பாடம் வேண்டும்: ‘ரெனசென்ஸ்’ கவிதையின் முதல் 12 வரிகள், ‘ரெகுவேர்தோ’ முழுவதும், ஏதாவது ஒரு சானட் (14 வரிக் கவிதை). ‘ரெனசென்ஸ்’ மொத்தம் 214 வரி. பெரும்பாலும் வரிக்கு எட்டு அசை, நாலு அழுத்தம், இரண்டிரண்டு வரியாக இயைபு. நாலு வரி வீதம் எடுத்து, அழுத்தம் விழும் இடத்தில் மேசையில் விரலால் தட்டிக்கொண்டு படித்தால் சீக்கிரம் ஏறும். ஆனால் அங்கேயே ஒரு பள்ளமும் இருக்கிறது. வரி முடிவில் எல்லாம் நின்று நின்று சொன்னால் கவிதை பள்ளிக்கூட வாய்ப்பாடு ஆகிவிடும். மனப்பாடம் ஆனபின் தட்டுவதை நிறுத்திவிட வேண்டும். நிறுத்தற்குறி உள்ள இடத்தில் மட்டும் மூச்சு விட வேண்டும். இயைபு தானாகக் காதில் விழும். அதை நாம் அழுத்திக் காட்ட வேண்டியதில்லை.

வெள்ளி, கேம்டன்

ராக்லண்டிலிருந்து வடக்கே 13 கிலோமீட்டர். பெற்றோர் 1900 வாக்கில் பிரிந்து, 1904-ல் மணமுறிவு பெற்றபின் தாய் கோராவும் மூன்று பெண்களும் நிலைகொண்ட ஊர் இது. கோரா வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் செவிலியர். வேலை கிடைத்த ஊரில் நாள்கணக்கில் தங்க வேண்டியிருக்கும். அந்த நாள்களில் வின்சென்ட், நார்மா, காத்லீன் மூவரும் தாங்களே சமைத்து, துவைத்து, வீட்டை நடத்தினார்கள். காசு தட்டுப்பாடு எப்போதும் இருந்தது. புத்தகத்துக்கும் பியானோவுக்கும் கோரா தட்டுப்பாடு வைக்கவில்லை. ‘செயின்ட் நிக்கோலஸ்’ என்ற சிறுவர் இதழில் வின்சென்ட் 14 வயதிலேயே அச்சேறினார்.

இன்றைய முக்கிய வேலை பேட்டி மலை. உயரம் சுமார் 240 மீட்டர். கார் போகும் பாதை கேம்டன் ஹில்ஸ் மாநிலப் பூங்காவின் நுழைவாயிலில் தொடங்குகிறது. நுழைவுக் கட்டணம் உண்டு. நடந்து ஏற விரும்பினால் ஊருக்குள்ளிருந்து, மெகன்டிகுக் தெருவின் கோடியில் ஒரு பாதை புறப்படுகிறது. நீளம் ஒரு கிலோமீட்டருக்கும் குறைவு. ஆனால் செங்குத்து. வழி நெடுகப் பாறை, வேர். மழை பெய்த மறுநாள் அந்தப் பாறைகள் வழுக்கும், இறங்கும்போதுதான் ஆபத்து அதிகம். ஏற அரை மணியிலிருந்து முக்கால் மணி வைத்துக்கொள்ளலாம். தொடக்கத்தில் வண்டி நிறுத்த இடம் மிகக் குறைவு. ஊருக்குள் நிறுத்திவிட்டு நடந்து வருவது மேல்.

காலையில் ஏறாதீர்கள். பெனாப்ஸ்காட் விரிகுடாவின் தண்ணீர் ஆகஸ்டிலும் சில்லென்றுதான் இருக்கும். ஈரமான வெப்பக் காற்று அதன்மேல் படும்போது மூடுபனி திரளும். பல நாள்களில் அது நண்பகல் வரை கலையாது. பனி மூடியிருந்தால் மலை உச்சியில் வெள்ளைச் சுவர்தான் தெரியும். பிற்பகல் மூன்று மணிக்குமேல் போனால் கடல் தெளிந்திருக்க வாய்ப்பு அதிகம். அந்தப் பனியையும் வீண் என்று நினைக்க வேண்டாம். ‘ரெனசென்ஸ்’ கவிதையின் நடுவே, கடலில் திரண்ட மூடுபனிக்கு இரு பக்கமும் இரண்டு கப்பல்கள் வந்து மோதி மூழ்கும், ஆயிரம் பேரின் அலறல் வானத்தை அறையும். இந்தக் கரையில் வளர்ந்தவருக்கு அந்தப் பனியைக் கற்பனை செய்யவேண்டிய அவசியமே இருந்திருக்காது.

உச்சியில் ஒரு கல் கோபுரம் இருக்கிறது. முதல் உலகப் போருக்குப் போன கேம்டன்காரர்களின் நினைவாக 1921-ல் கட்டியது. மில்லே கவிதை எழுதிய காலத்தில் கிடையாது. மில்லேயை நினைவுகூரும் பலகையும் அருகிலேயே உண்டு. கோபுரத்துப் படி ஏறி நின்றுதான் கவிதையைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தரையில் நின்றால் ஒரு பக்கம் மரங்கள் மறைக்கின்றன.

இனி செய்ய வேண்டியது இதுதான். முதலில் உள்நாட்டுப் பக்கம், மெகன்டிகுக் மலையை நோக்கி நில்லுங்கள். நான் நின்ற இடத்திலிருந்து தெரிந்தவை மூன்று நீண்ட மலைகளும் ஒரு காடும் என்று கவிதை தொடங்கும். அடுத்த இரண்டு வரியில் பேசுபவர் திரும்புகிறார். நீங்களும் கடல் பக்கம் திரும்புங்கள். விரிகுடாவில் மூன்று தீவுகள் என்கிறார் அவர். கண்ணுக்குத் தெரிவதோ அதைவிட அதிகம்: துறைமுக வாயிலில் கலங்கரை விளக்கத்தோடு கர்ட்டிஸ் தீவு, அதற்கப்பால் ஒன்றன்பின் ஒன்றாகப் பெரிய தீவுகள். பிறகு அவர் அடிவானத்தின் கோட்டைக் கண்ணால் தொட்டுக்கொண்டே ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, தொடங்கிய இடத்துக்கே வந்து, மறுபடி அதே மூன்று மலையையும் காட்டையும் பார்க்கிறார். 12 வரிக்குள் உடம்பு ஒரு வட்டம் முடித்துவிடும். நின்ற இடத்திலேயே மெதுவாகச் சுழன்றுகொண்டு அந்த வரிகளைச் சொல்லிப் பார்த்தால், நாலு அழுத்தம் கொண்ட அந்த வரி ஒரு பார்வை வீச்சுக்குச் சரியாகப் பொருந்துவது புலப்படும். சொற்களும் எளிமையானவை. பெரும்பாலும் ஓரசைச் சொற்கள். ஒரு பள்ளிக்கூடப் பெண் எண்ணிச் சொல்வதைப்போல இருக்கும் இந்தத் தொடக்கம், அடுத்த சில வரிகளில் வானத்தைக் கையால் தொட்டு அலறி, முடிவின்மையே மேலே வந்து கவிந்து, உலகத்தின் பாவமும் பசியும் எல்லாம் தன்மேல் இறங்கி, ஆறடி மண்ணுக்குள் போய், மழையில் கழுவப்பட்டு மறுபடி எழுவதாக விரிகிறது. அந்த வேகம் எடுபடுவதற்குக் காரணம் இந்த அடக்கமான, அளந்த தொடக்கம்தான்.

சனி, கேம்டன், பிறகு நெடுஞ்சாலை

1912-ல் ‘தி லிரிக் இயர்’ என்ற தொகைநூலுக்கான போட்டிக்கு ‘ரெனசென்ஸ்’ போனது. அனுப்பியவர் பெயர் ஈ. வின்சென்ட் மில்லே என்றிருந்ததால் பதிப்பாசிரியர் ஆண் என்றே நினைத்துப் பதில் எழுதினார். மூன்று பரிசுகள், இவருக்கு நான்காம் இடம். நூல் வெளிவந்ததும் எதிர்ப்பு கிளம்பியது. முதல் பரிசு பெற்ற ஓரிக் ஜான்ஸே இந்தக் கவிதைதான் சிறந்தது என்று வெளிப்படையாகச் சொன்னார். ஆர்தர் ஃபிக்கே, விட்டர் பின்னர் என்ற இரு கவிஞர்களோ, 20 வயதுப் பெண் இதை எழுதியிருக்க முடியாது, நடுத்தர வயது முரட்டு ஆண்தான் எழுதியிருப்பார் என்று சந்தேகப்பட்டார்கள். தான் முரட்டு ஆணாக இருக்கப்போவதில்லை என்று மில்லே பதில் எழுதினார். ஃபிக்கேயுடன் அன்று தொடங்கிய நட்பு கடைசிவரை நிலைத்தது.

ஆனால் வாழ்க்கையை மாற்றியது பரிசு இல்லாத அந்தப் புத்தகம் அல்ல. அந்த ஆண்டு ஆகஸ்டில், நூல் வெளிவரும் முன்பே, ஹை ஸ்ட்ரீட்டில் உள்ள வைட்ஹால் விடுதியில் கோடை விருந்தினருக்காக ஒரு கொண்டாட்டம் நடந்தது. தங்கை நார்மா அங்கே பரிமாறும் வேலையில் இருந்தார். அவர் வற்புறுத்தி அக்காவைக் கூட்டிவர, வின்சென்ட் பியானோ வாசித்துப் பாடி, பிறகு ‘ரெனசென்ஸ்’ முழுவதையும் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் கரோலின் டவ், நியூயார்க்கில் ஒய்.டபிள்யூ.சி.ஏ. (இளம் பெண்கள் கிறிஸ்தவச் சங்கம்) பயிற்சிப் பள்ளியின் தலைவர். மில்லேயின் கல்லூரிப் படிப்புக்கு அவர்தான் வழி செய்தார். அச்சில் தோற்ற கவிதை, வாய்விட்டுச் சொன்னபோது வென்றது. இந்த விடுதியின் தாழ்வாரத்தில் பத்து நிமிடம் உட்கார்ந்திருப்பதற்கு அந்த ஒரு காரணம் போதும். விடுதி இன்னும் நடக்கிறது, கோடைப் பருவத்துக்கு மட்டும் திறப்பார்கள். துறைமுகப் பூங்காவில் மில்லேயின் சிலையும் உண்டு.

பகல் உணவுக்கு முன் கிளம்பினால், மில்லேயின் கல்லூரி இருக்கும் பொகிப்சிக்கு இருட்டும் நேரத்தில் சேரலாம். ஏறக்குறைய 600 கிலோமீட்டர். ஓட்டுவதற்கு இருவர் இருப்பது நல்லது.

ஞாயிறு, பொகிப்சி

வாசர் கல்லூரி அன்று பெண்களுக்கு மட்டுமானது. 1969-ல்தான் ஆண்களைச் சேர்த்தார்கள். பார்னார்ட் கல்லூரியில் சில மாதம் ஆயத்தப் படிப்புப் படித்துவிட்டு 1913-ல் மில்லே இங்கே சேர்ந்தபோது அவருக்கு 21 வயது. உடன் படித்தவர்களைவிட மூத்தவர். தங்கைகளோடு சொந்தமாகக் குடித்தனம் நடத்தியவருக்கு விடுதிக் கட்டுப்பாடுகள் பொறுக்கவில்லை. வகுப்புக்கு வராமல் இருப்பார், புகைப்பார், வெளியே போனால் சொன்ன நேரத்துக்குத் திரும்பமாட்டார். துரத்தப்பட்ட ஷெல்லி போன்ற கவிஞர் ஒருவர் என் வாசலில் நிற்க வேண்டாம், அதனால் உன்னை நீக்கமாட்டேன் என்று கல்லூரித் தலைவர் மெக்ராக்கன் மில்லேயிடம் சொன்னார். இதை மெக்ராக்கனே பின்னாளில் எழுதியிருக்கிறார். 1917-ல் பட்டமளிப்புக்குச் சற்று முன் அனுமதியில்லாமல் வெளியே ஓரிரவு தங்கியதற்குத் தண்டனை வந்தது. உடன்படித்தவர்கள் மனுக் கொடுத்து அவரை விழாவில் கலந்துகொள்ள வைத்தார்கள். அதே ஆண்டில் முதல் தொகுப்பு ‘ரெனசென்ஸும் பிற கவிதைகளும்’ வெளியானது.

பார்க்க வேண்டியவை இரண்டு. ஜேம்ஸ் ரென்விக் வடிவமைத்த, 1865-ல் திறந்த மெயின் கட்டடம். நூலகத்தின் பெரிய வண்ணக் கண்ணாடிச் சாளரம்: 1678-ல் பதுவாவில் முனைவர் பட்டம் பெற்ற எலெனா கொர்னாரோவின் காட்சி. மில்லே இங்கே இலத்தீனை ஊன்றிப் படித்தார். அந்தப் படிப்பு வீண்போகவில்லை. கட்டுக்கோப்பான வாக்கியத்தை யாப்புக்குள் வளைக்கும் கை அவருக்கு அங்கிருந்துதான் வந்தது என்பது என் எண்ணம். ரோமானியக் கவிஞர் கட்டூலஸ் அவருடைய வாழ்நாள் துணை.

திங்கள், நியூயார்க்

வண்டியைப் பொகிப்சியில் விட்டுவிட்டு ரயிலில் போவது புத்திசாலித்தனம். வில்லேஜில் வண்டி நிறுத்த இடம் தேடியே பொழுது போய்விடும். கிராண்ட் சென்ட்ரலுக்கு இரண்டு மணி நேரத்துக்குள். தெற்கே போகும்போது வலப்பக்க ஜன்னலில் உட்கார்ந்தால் ஹட்சன் ஆறு கூடவே வரும். வழியில் குரோட்டன். 1923 ஜூலை 18-ல் அங்கேதான் மில்லே, டச்சுக்காரரான காபி இறக்குமதி வணிகர் யூஜின் பாய்ஸ்வெய்னை மணந்தார். மணம் முடிந்த கையோடு அறுவை சிகிச்சைக்காக மருத்துவமனைக்குப் போனார். பாய்ஸ்வெய்னின் முதல் மனைவி, பெண்கள் வாக்குரிமைக்காகப் போராடி 1916-ல் இறந்த இனெஸ் மில்ஹாலண்ட்.

வில்லேஜில் நடக்க வேண்டிய தூரம் குறைவு. மக்டூகல் தெரு 133-ல் பிராவின்ஸ்டவுன் நாடகக் குழு இயங்கியது. மில்லே அங்கே நடித்தார், எழுதினார். போரின் மடமையைச் சொல்லும் ‘ஆரியா தா காப்போ’ 1919-ல் மேடையேறியது. பழைய கட்டடத்தில் இன்று மிஞ்சியிருப்பது கொஞ்சம்தான். அங்கிருந்து மேற்கே நடந்தால் பெட்ஃபோர்ட் தெரு 75½. இரண்டு வீடுகளுக்கு நடுவே வண்டி போக விட்டிருந்த சந்தில் 1873-ல் எழுப்பியது. அகலம் ஒன்பதரை அடி. பக்கத்திலேயே 1799-ல் கட்டிய 77-ஆம் எண் வீடு. குடியிருப்பு என்பதால் உள்ளே போக முடியாது, மணியை அழுத்தவும் கூடாது. எதிர் நடைபாதையிலிருந்து பார்த்துவிட்டு வளைவில் திரும்பினால் காமர்ஸ் தெருவில் செர்ரி லேன் அரங்கு. அதைத் தொடங்கியவர்களில் மில்லேயும் ஒருவர்.

மெழுகுவத்தி வரிகள் வந்த ‘எ ஃப்யூ ஃபிக்ஸ் ஃப்ரம் திஸல்ஸ்’ 1920-ல் வெளியாகி அவரை ஒரு தலைமுறையின் குரலாக்கியது. 1923-ல் புலிட்சர் பரிசு கிடைத்தது. அதற்குக் காரணமான படைப்புகளில் முதன்மையானது ‘ஹார்ப்-வீவர்’ கதைப்பாடல். வறுமையில் வாடும் தாய் ஒருத்தி யாழின் நரம்பில் மகனுக்கு அரச உடைகள் நெய்துவைத்துவிட்டுக் குளிரில் உயிர்விடும் கதை. அது கோராவுக்கான காணிக்கை. வில்லேஜ் புகழுக்கு நடுவிலும் மில்லேயின் மனம் கேம்டன் சமையலறையை விடவில்லை என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை. நாகரிக இளம்பெண் என்ற பிம்பத்தைத் தேடி வருகிறவர்கள் இந்தப் பாடலைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

செவ்வாய், ஸ்டேட்டன் தீவுப் படகு

‘ரெகுவேர்தோ’ மூன்றே பத்தி, பத்திக்கு ஆறு வரி. ஒவ்வொரு பத்தியும் ஒரே இரண்டு வரியில் தொடங்கும்: மிகவும் களைத்திருந்தோம், மிகவும் களித்திருந்தோம், இரவெல்லாம் படகில் போய்ப்போய் வந்தோம். அந்தப் படகிலேயே அதைச் சொல்ல முடிவது பெரிய கொடுப்பினை. மன்ஹாட்டனின் தென்கோடியில் உள்ள வைட்ஹால் முனையத்திலிருந்து புறப்படுகிறது, 24 மணி நேரமும் ஓடுகிறது. அன்று 5 சென்ட். 1997 முதல் நடந்து ஏறுகிறவர்களுக்குக் கட்டணமே இல்லை. சுமார் எட்டரைக் கிலோமீட்டர், 25 நிமிடம்.

ஒரு விதி தெரிந்திருக்க வேண்டும். மறுகரையான செயின்ட் ஜார்ஜில் எல்லோரும் இறங்கியாக வேண்டும். உட்கார்ந்த இடத்திலேயே திரும்பி வர விடமாட்டார்கள். இறங்கி, முனையத்தைச் சுற்றி, மறுபடி வரிசையில் நின்று ஏறுங்கள். பகலில் அலுவலகக் கூட்டம். விடியற்காலைப் படகுதான் கவிதைக்குப் பொருத்தம். தீவை நோக்கிப் போகும்போது வலப்பக்கம் சுதந்திரதேவி சிலை, அங்கேதான் எல்லோரும் குவிவார்கள். நமக்கு வேண்டியது இடப்பக்கம். புரூக்ளின் மேல் சூரியன் எழுவது அங்கேதான். வாளி நிறையப் பொன் சொட்டச்சொட்ட அது எழுந்தது என்று கவிதை சொல்லும். அன்றைய உதய நேரத்தைப் பார்த்துக்கொண்டு, அதற்குப் பத்து நிமிடம் முன் கிளம்பும் படகைப் பிடியுங்கள்.

வரியின் ஓசையைக் கவனியுங்கள். திரும்பத் திரும்ப வரும் அந்த இரண்டு வரியின் இயைபு ஈரசை இயைபு. இரண்டாம் அசை அழுத்தமில்லாமல் தணிந்து விழும். வரி ஓரிடத்தில் முட்டி நிற்காமல் சற்று மிதந்து அடங்கும். படகு துறையில் ஒட்டும்போது மரத்தூண்களில் மெல்ல இடித்து அசைந்து நிற்குமே, அந்த அசைவுதான். முடிவில் காதலர்கள், தலையில் சால்வை போர்த்த ஒரு பெண்மணியைக் கண்டு, இருவருமே படிக்காத ஒரு செய்தித்தாளை அவரிடம் வாங்கி, மிச்சமிருந்த ஆப்பிளையும் பேரிக்காயையும், சப்வே கட்டணம் போகக் கையிலிருந்த காசு முழுவதையும் கொடுத்துவிடுகிறார்கள். காதல் என்ற சொல் கவிதையில் எங்கேயும் வராது.

புதன், ஆஸ்டர்லிட்ஸ்

பொகிப்சியில் வண்டியை எடுத்து டகோனிக் பார்க்வேயில் வடக்கே ஒன்றேகால், ஒன்றரை மணி நேரம். அந்தச் சாலை ஒடுக்கம், வளைவு அதிகம், விளக்கு கிடையாது, அந்தி நேரத்தில் மான்கள் குறுக்கே வரும். பகலிலேயே போய்விட வேண்டும். ஆஸ்டர்லிட்ஸுக்கு ரயில் இல்லை. ஆகக் கிட்டத்து ரயில் நிலையமான ஹட்சனிலிருந்தும் கார்தான் கதி. மாசசூசெட்ஸ் எல்லைக்கு அருகே, 22-ஆம் எண் சாலையிலிருந்து பிரிந்து ஈஸ்ட் ஹில் சாலையில் ஏறினால் ஸ்டீப்பிள்டாப். வழியிலேயே பெட்ரோல், தண்ணீர், சாப்பாடு எல்லாம் வாங்கிக்கொள்ளுங்கள்.

1925-ல் கைவிடப்பட்டுக் கிடந்த ஒரு புளூபெர்ரிப் பண்ணையை மில்லேயும் பாய்ஸ்வெய்னும் வாங்கினார்கள். சுற்றிலும் ஈரமான புல்வெளிகளில் மண்டியிருந்த ஸ்டீப்பிள்புஷ் செடியே பெயரானது. அதை அடையாளம் காண்பது எளிது: இடுப்பளவு உயரம், கோபுர நுனிபோல் கூர்ந்த இளஞ்சிவப்புப் பூங்கொத்து. இலையைத் திருப்பிப் பார்த்தால் அடிப்புறம் கம்பளி ஒட்டியதுபோல் பழுப்பு மயிர் அடர்ந்திருக்கும். கூடவே வளரும் மெடோஸ்வீட் அதே குடும்பம்தான், ஆனால் வெண்பூ, மழமழப்பான இலை. ஸ்டீப்பிள்புஷ் நுனியிலிருந்து கீழ்நோக்கிப் பூக்கும். ஆகஸ்டில் வந்தால் மேலே வாடியும் கீழே மலர்ந்தும் ஒரே கொத்தில் இரண்டு நிலையும் தெரியும்.

பாய்ஸ்வெய்ன் வணிகத்தை விட்டுவிட்டுப் பண்ணையையும் வீட்டையும் தான் எடுத்துக்கொண்டார். சமையல், விதைப்பு, ஆள்களுக்குக் கூலி, கடிதப் பதில் எல்லாம் அவர் பொறுப்பு. மனைவி எழுத வேண்டும், அவ்வளவே. அந்தக் காலத்துக் கணவர்களில் இது அபூர்வம். இடிந்துபோன பழைய களஞ்சியத்தின் கல் அடித்தளத்தை அப்படியே விட்டு, சுவர்களுக்கு நடுவே தோட்டமும் நீச்சல் குளமும் அமைத்தார்கள். வீட்டிலிருந்து சற்றுத் தள்ளி, பைன் மரங்களுக்கு நடுவே ஒரு சிறு மரக் குடில். மில்லே எழுதியது அங்கே. வீட்டு மாடியில் நூலகம், அதில் ‘அமைதி’ என்று ஓர் அறிவிப்புப் பலகை.

இங்கே நடந்த வேலையின் அளவைப் பார்த்தால்தான் வில்லேஜ் பிம்பம் எவ்வளவு சிறியது என்று தெரியும். டீம்ஸ் டெய்லரின் இசைக்காக ‘தி கிங்ஸ் ஹெஞ்ச்மன்’ ஓபராவின் பாடல் நாடகத்தை எழுதினார். அது 1927 பிப்ரவரியில் மெட்ரோபாலிட்டன் ஓபராவில் அரங்கேறியது. அதே ஆண்டு ஆகஸ்டில், சாக்கோ, வான்செட்டி என்ற இரு இத்தாலியக் குடியேறிகளின் மரண தண்டனையை எதிர்த்து போஸ்டனில் மறியல் செய்து கைதானார். 1928-ல் ‘தி பக் இன் தி ஸ்னோ’. 1931-ல் ‘ஃபேட்டல் இன்டர்வ்யூ’, 52 சானட்டுகள் கொண்ட தொடர். தன்னைவிட 14 வயது இளைய கவிஞர் ஜார்ஜ் டில்லன்மீது கொண்ட காதலின் முதலும் முடிவும் அதில் இருக்கிறது. பாய்ஸ்வெய்னுக்கு அது தெரியும். அவர் தடுக்கவில்லை. டில்லனோடு சேர்ந்து பிரெஞ்சுக் கவிஞர் போதலேரை மொழிபெயர்த்து 1936-ல் வெளியிட்டார்.

சானட் 14 வரி. அவர் இரண்டு வகையும் எழுதினார். முதல் எட்டில் ஒரு நிலை, பின் ஆறில் ஒரு திருப்பம் என்ற இத்தாலிய வகை. மூன்று நாலடியும் கடைசியில் ஓர் ஈரடியும் என்ற ஷேக்ஸ்பியர் வகை. மனப்பாடத்துக்கு எது என்று கேட்டால், ‘ஃபேட்டல் இன்டர்வ்யூ’வின் 30-ஆவது சானட். காதல் எல்லாமும் ஆகிவிடாது, அது சோறோ தண்ணீரோ உறக்கமோ மழைக்குக் கூரையோ இல்லை என்று அடுக்கிக்கொண்டே போகும். பின்பாதியில், துன்பம் நெருக்கும் ஒரு வேளையில் உன் காதலை நிம்மதிக்கு விற்றுவிடும்படி, இந்த இரவின் நினைவைச் சோற்றுக்கு மாற்றிக்கொள்ளும்படி ஆகலாம் என்பார். விற்பேன் என்றுதான் நமக்குத் தோன்றும். கடைசி அரை வரியில், அப்படிச் செய்வேன் என்று தோன்றவில்லை என்று நிறுத்துவார். உறுதிமொழியாக உரக்கச் சொன்னால் கெட்டுவிடும். குரலைத் தாழ்த்தி, யோசித்துச் சொல்வதுபோல் சொல்ல வேண்டும்.

வியாழன், ஸ்டீப்பிள்டாப்

வீடு 2010-ல் பொதுமக்களுக்குத் திறந்தது. பணமில்லாமல் 2018-ல் வழக்கமான பார்வையை நிறுத்தினார்கள். கிளம்பும் முன் மில்லே சங்கத்திடம் எழுதிக் கேட்டுக்கொள்ளுங்கள். வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று வந்தால் சாலையிலிருந்து வெள்ளை வீட்டைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். கல்லறைகளுக்குப் போகும் காட்டுப் பாதை வேறு. வழியில் அவருடைய கவிதைகளைப் பலகைகளில் வைத்திருக்கிறார்கள். நடை அரை மணிதான். ஆனால் உண்ணி ஜாக்கிரதை. இந்தப் பகுதியில் லைம் நோயைப் பரப்பும் மான் உண்ணி அதிகம். வெளிர் நிற முழுக்கால் சட்டை, அதன் ஓரத்தைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள். புல்லில் உட்கார வேண்டாம். திரும்பியதும் முழங்கால் மடிப்பு, அக்குள், மயிர்க்கால் ஓரம் எல்லாம் பாருங்கள். ஒட்டியிருந்தால் நுனி கூர்ந்த இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். திருகவோ நெருப்பு காட்டவோ கூடாது. ஒரு நாளுக்குள் எடுத்துவிட்டால் தொற்றும் வாய்ப்பு மிகவும் குறைவு.

காட்டில் மலை லாரல் புதர்களுக்கு நடுவே கோரா கிடக்கிறார். 1931-ல் மேய்னிலிருந்து இங்கே கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். மில்லே, பாய்ஸ்வெய்ன், நார்மா, நார்மாவின் கணவர் சார்லஸ் எல்லிஸ் எல்லோரும் இங்கேதான். தாயின் துணிவைப் பற்றி மில்லே எழுதிய சிறு கவிதை ஒன்று உண்டு. அம்மா உடையில் குத்தும் தங்க அணி ஒன்றை விட்டுப் போனாள், அதற்குப் பதில் கருங்கல் போன்ற அந்தத் துணிவை விட்டுப் போயிருக்கலாம், அவளுக்கு இனி அது வேண்டாம், எனக்கு வேண்டும் என்று கேட்கும். சொல்ல வேண்டிய இடம் இது.

அந்தத் துணிவு தேவைப்பட்ட ஆண்டுகள் வந்தன. 1936 மே மாதம் ஃபுளோரிடாவின் சானிபெல் தீவில் தங்கியிருந்த விடுதி எரிந்தது. ‘கான்வர்சேஷன் அட் மிட்நைட்’ கையெழுத்துப் படி முழுவதும் சாம்பல். நினைவிலிருந்தே பெரும்பகுதியை மீட்டு, மறந்ததைப் புதிதாக எழுதி, 1937-ல் வெளியிட்டார். அளந்து செய்த வரி என்பதால்தான் அது முடிந்தது. அதே 1936 கோடையில், ஓடும் காரின் கதவு திறந்து இருட்டில் வெளியே வீசப்பட்டார். முதுகு நரம்புகள் சேதமாயின. பல ஆண்டு வலி, மார்பின் பழக்கம். போர்க்காலத்தில் நாஜிகளுக்கு எதிராக அவசர அவசரமாக எழுதியவை கவிதையாகத் தேறவில்லை, அதை அவரே அறிந்திருந்தார். 1944-ல் மனம் நொறுங்கி எழுத்து நின்றுபோனது.

மீண்டு வந்த விதம்தான் முக்கியம். விமர்சகர் எட்மண்ட் வில்சனுக்கு 1946-ல் எழுதிய கடிதத்தில் மில்லே சொல்கிறார்: எழுத முடியாத நாள்களில் மற்றவர்களின் கவிதைகளை மனப்பாடம் செய்தேன். கீட்ஸின் நெடுங்கவிதைகள், மேத்யூ ஆர்னால்ட், ஷெல்லி, ஹாப்கின்ஸ். இப்போது அவை எல்லாம் என்னிடம் இருக்கின்றன, இனி எந்தத் தீமை என்னைத் தீண்டும் என்ற பொருளில் முடிக்கிறார். பிறகு மறுபடி எழுதினார். 1949-ல் பாய்ஸ்வெய்ன் இறந்தபின்னும் இந்த வீட்டில் தனியாக இருந்து எழுதினார். குழப்பத்தையே பிடித்து 14 வரிக்குள் அடைத்து அங்கேயே வைப்பேன் என்று தொடங்கும் சானட், மறைவுக்குப் பின் 1954-ல் வந்த ‘மைன் தி ஹார்வெஸ்ட்’ தொகுப்பில் இருக்கிறது. 1950 அக்டோபர் 19-ல் மாடிப்படியில் விழுந்து இறந்தார். வயது 58.

நார்மா இங்கே குடிவந்து, அக்காவின் உடைகள் உட்பட எதையும் மாற்றாமல், 1986-ல் தான் சாகும்வரை காத்தார். 17 வயதில் இங்கே வந்த, பின்னாளில் கவிஞராகப் புகழ்பெற்ற மேரி ஆலிவர், பல ஆண்டுகள் தங்கி, தாள்களை ஒழுங்குபடுத்த நார்மாவுக்கு உதவினார். சியர்ஸ் நிறுவனத்தின் விலைப்பட்டியலில் வாங்கிப் பொருத்திய களஞ்சியத்தில் 1973-ல் நார்மா தொடங்கிய கலைஞர் உறைவிடத்துக்கு எழுத்தாளர்கள் இன்றும் வருகிறார்கள்.

திரும்பும் வழியில் கேட்க ஒன்று இருக்கிறது. 1941-ல் மில்லே தன் கவிதைகளைத் தானே வாசித்து ஆர்.சி.ஏ. விக்டருக்காகப் பதிவு செய்தார். ‘ரெகுவேர்தோ’வும் அதில் உண்டு. நாடக மேடைக் குரல், நீட்டி ஒலிக்கும் உயிரெழுத்துகள், இன்றைய காதுக்குச் சற்றுச் செயற்கையாகப்படும். படகில் சொல்லிப் பழகியபின் கேட்டால் அப்படித் தோன்றாது. கேம்டனை விடுமுன்பே இதைக் கைப்பேசியில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், ஈஸ்ட் ஹில் சாலையில் சிக்னலை நம்ப முடியாது.